கேஸ் டிடெக்டர் சும்மா சும்மா கத்துது, ஏன்?

கேள்வி: கழிவுநீர்க் குழிக்குள்ள இறங்குறவங்க இடுப்புல மாட்டிக்கிற மாதிரி ஹைட்ரஜன் சல்ஃபைடு (அழுகின முட்டை வாடை அடிக்கிற விஷ வாயு) டிடெக்டர் ஒண்ணு செஞ்சிட்டிருக்கேன், மெட்டல் ஆக்சைடு சென்சார்தான் போட்டேன், ஆனா பக்கத்துல சானிடைசர் பாட்டிலைத் திறந்தாலே அலாரம் அடிக்குது, ஏன்?

பதில் 1: அந்த சென்சாருக்கு இந்த வாயுவும் சானிடைசர்ல இருக்கிற ஆல்கஹால் ஆவியும் ஒண்ணுதாங்க, பிரிச்சுப் பாக்கத் தெரியாது. சென்சாருக்குள்ள இருக்கிற ஹீட்டர் வேற பேட்டரியைக் குடிச்சிடும். எலக்ட்ரோகெமிக்கல் செல்லுக்கு (வாயு பட்டா வேதிவினை நடந்து கரண்ட் குடுக்கிற சென்சார்) மாறிடுங்க, அது எடுக்கிற பேட்டரி ரொம்பக் கம்மி, ரெண்டு மூணு வருஷத்துல செல்லை மாத்தணும், அவ்ளோதான்.

பதில் 2: இடுப்பு வேண்டாம், நெஞ்சுல மாட்டுங்க, மூச்சு இழுக்கிற இடத்துலதான அளக்கணும். காத்துல இந்த வாயு 100 பிபிஎம் (பத்து லட்சத்துல 100 பங்கு) வாக்குல இருந்தா மூக்கே மரத்துடும், அழுகின முட்டை வாடை போயிடுச்சுன்னு நம்பி இறங்கிடுவாங்க, அதனால தினமும் சோதனைக்குன்னு இருக்கிற வாயுவைக் காட்டி அலாரம் அடிக்குதான்னு பாக்காம யார் கையிலயும் குடுத்துடாதீங்க.

கேட்டவர்: நெஞ்சுல மாட்டுறதை யோசிக்கவே இல்லங்க, கிளிப்பை மாத்திடுறேன்.