ஏழாம் மாதம், சுகர் கட்டுக்குள் இருக்கிறது, எனக்குத்தான் நிம்மதி இல்லை

தண்டையார்பேட்டை மகள் கேட்டது:

குளுக்கோஸ் தண்ணீர் குடிக்க வைத்து எடுத்த டெஸ்டில் 168 வந்தது, கர்ப்பகாலச் சுகர் என்றார்கள். அதிலிருந்து சாப்பாட்டை மாற்றிவிட்டேன், ராத்திரிக்கு இன்சுலினும் போடுகிறேன். சுகர் சரியாக இருக்கிறது, குழந்தை வளர்ச்சியும் சரி என்று டாக்டர் சொல்லிவிட்டார். விடிந்ததிலிருந்து படுக்கும்வரை எனக்கு இதே நினைப்பு. எதை வாயில் வைத்தாலும் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று திக்கென்கிறது. நடுராத்திரியில் பசித்து முழிப்பு வரும், உடம்பெல்லாம் வியர்த்திருக்கும், தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவேன். மாமியார் நல்லவர்தான், ஆனால் வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் "எங்க பரம்பரையிலேயே சுகர் கிடையாது" என்கிறார், அதைக் கேட்கும்போது அழுகை வருகிறது. அடுத்து வளைகாப்பு வேறு. புளிசாதம், தேங்காய்ச்சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று ஊட்டிவிட வரிசையில் நிற்பார்கள். டயட் சார்ட் கையில் இருக்கிறது, அது வேண்டாம். மிச்ச நாளை நிம்மதியாகக் கழித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

வியாசர்பாடி நர்ஸ்:

முதலில் அந்த ராத்திரி விஷயம்மா, மற்றதெல்லாம் அப்புறம். இன்சுலின் போடுகிறவர் வியர்த்து, பசித்து முழித்தால் சுகர் இறங்கியிருக்கலாம். அந்த நேரத்திலேயே விரலைக் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மெஷின் பக்கத்தில் இல்லை என்றால் யோசிக்காமல் குடித்துவிடுங்கள். நாளைக்கே டாக்டரிடம் சொன்னால் அளவை மாற்றித் தருவார். படுக்கும் முன் ஒரு டம்ளர் பாலோ கொஞ்சம் சுண்டலோ சாப்பிடுங்கள், வெறும் வயிற்றோடு படுக்கவே கூடாது.

மாமியார் சொல்வதற்குப் பதில் இதுதான். நஞ்சுக்கொடியில் சுரக்கிற ஹார்மோன்கள் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இது நடக்கும், சிலர் உடம்பு கூடுதலாக இன்சுலின் சுரந்து சமாளித்துவிடும், சிலருக்கு முடியாது. பரம்பரையில் சுகர் இல்லாதவர்களுக்கும் வருகிறது. அதனால்தான் தமிழ்நாட்டில் 2007-லேயே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டது. 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து 140-ஐத் தொட்டாலே இருக்கிறது என்று கணக்கு. நீங்கள் இனிப்பு தின்று வரவழைத்த நோய் இல்லை இது. இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகாது, அந்தப் பயமும் வேண்டாம்.

விரல் நுனியின் நடுவில் குத்தாதீர்கள், ஓரத்தில் குத்துங்கள். வலி குறையும், விரலை மாற்றி மாற்றிக் குத்துங்கள்.

ராயபுரம் அக்கா:

தங்கச்சி, எனக்கும் இரண்டாவது பிரசவத்தில் இதே கதைதான். என்னை மிகவும் வருத்தியது ஊசி இல்லை, எல்லாரும் சேர்ந்து சாப்பிடும்போது எனக்கு மட்டும் தனித் தட்டில் ஏதோ பத்தியச் சாப்பாடு மாதிரி வைத்ததுதான். அப்புறம் வீட்டுச் சாப்பாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ள ஆரம்பித்தேன். சோறு ஒரு கப், மிச்ச இடம் முழுக்கக் கீரையோ அவரைக்காய்ப் பொரியலோ, கூட காசிமேட்டு நெத்திலிக் குழம்பு. நெத்திலி, மத்தி எல்லாம் தாராளமாகச் சாப்பிடு, சுறா மட்டும் வேண்டாம், பெரிய மீனில் பாதரசம் சேரும். காலையில் நாலு இட்லியை ஒரே மூச்சில் சாப்பிட்டால் சுகர் எகிறும், இரண்டை எட்டு மணிக்கும் இரண்டைப் பத்தரைக்குமாகப் பிரித்துச் சாப்பிட்டுப் பார், சாம்பார் தாராளமாக ஊற்றிக்கொள். எனக்குப் பசியும் அடங்கியது, நம்பரும் அடங்கியது.

வளைகாப்பைத் தள்ளிப் போடாதே, சந்தோஷமாகச் செய்துகொள். சந்தனம், குங்குமம், வளையல் எல்லாரும் போடட்டும், ஊட்டுவது மட்டும் அம்மாவும் மாமியாரும் போதும் என்று முன்னாடியே சொல்லிவை. ஒவ்வொரு சாதத்திலும் ஒரு வாய் எடுத்துக்கொள், அதுதான் அன்றைக்கு மதியச் சாப்பாட்டுச் சோறு. கூட சுண்டலும் தயிர்ப்பச்சடியும் வைக்கச் சொல். வளைகாப்பில் நிறையச் சாப்பிடலாம் என்று காலையிலிருந்து பட்டினி கிடக்காதே, அதுதான் ஆபத்து.

காலடிப்பேட்டை அப்பா:

சகோதரி, உங்கள் வீட்டுக்காரர் இதைப் படிப்பார் என்றால் அவருக்கு எழுதுகிறேன். என் மனைவிக்கு இருந்தபோது என் அம்மாவும் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார். நான் சொல்லிக் கேட்கவில்லை. அடுத்த செக்கப்புக்கு அம்மாவையும் கூட்டிப் போனேன், டாக்டர் வாயால் கேட்டபின் பேச்சு நின்றது. அன்றிலிருந்து கீரை ஆய்ந்து வைப்பதே அவர்தான். ஸ்ட்ரிப் வாங்குவது, நம்பரை நோட்டில் எழுதுவது, இன்சுலினை ஃப்ரிட்ஜில் வைப்பது (ஃப்ரீசரில் இல்லை) எல்லாம் நான் எடுத்துக்கொண்டேன், அவள் மனசில் பாதி பாரம் இறங்கியது. நடக்கவும் கூடப் போங்கள். எங்கள் பக்கம் மெயின் ரோட்டில் கண்டெய்னர் லாரிக்கு நடுவில் கர்ப்பிணி எங்கே நடப்பது? சாயங்காலம் திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில் பிரகாரத்தில் மெதுவாகச் சுற்றுவோம், மற்ற நேரம் சாப்பிட்டபின் மொட்டை மாடியில் பத்து நிமிடம்.

தண்டையார்பேட்டை மகள்:

எல்லாருக்கும் நன்றி. நர்ஸ் அக்கா, சர்க்கரை டப்பாவைக் கட்டில் பக்கத்திலேயே வைத்துவிட்டேன், காலையில் டாக்டரைப் பார்க்கப் போகிறோம், அத்தையும் வருகிறார். ஒரு சந்தேகம், குழந்தை பிறந்ததும் இது போய்விடுமா?

வியாசர்பாடி நர்ஸ்:

பெரும்பாலானவர்களுக்குப் பிரசவத்தோடு இறங்கிவிடும். ஆனால் ஆறு வாரம் கழித்து அதே குளுக்கோஸ் டெஸ்டை மறுபடி எடுக்க வேண்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அலைச்சலில் அதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். பின்னாளில் சுகர் வரும் வாய்ப்பு உங்களுக்கு அதிகம், அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை பாருங்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுங்கள், குழந்தைக்குச் சுகர் இறங்காமல் இருக்க அது உதவும். நாளைக்கு டாக்டர் இன்சுலின் அளவை என்ன செய்தார் என்று இங்கே எழுதும்மா.