விட்சர் 3: சிரி ஏன் திரும்பி வரவில்லை? (ஸ்பாய்லர் உண்டு)

மழைக்குருவி:
விட்சர் 3 வீடியோ கேமை முடித்துவிட்டேன், கெரால்ட் மகள்போல வளர்த்த சிரி வரவே இல்லை. நாம் ஆடும் விட்சர் (காசுக்கு அரக்கர்களைக் கொல்பவன்) கெரால்ட் சதுப்புக்காட்டுக்குத் தனியாகப் போய் கடைசிச் சூனியக்காரியைக் கொன்று, அவள் பறித்து வைத்திருந்த பதக்கத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். சிரியை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. அவளைப் பெற்ற பேரரசர் எம்ஹிரிடமும் ஒப்படைக்கவில்லை. ஆபத்தான இடத்துக்கெல்லாம் கூடவே போனேன். இது ஆட்டத்தில் உள்ள பிழையா (பக்)? இல்லை, மந்திரக்காரிகள் ட்ரிஸ், யெனிஃபர் இரண்டு பேரிடமும் காதல் சொன்னதற்குத் தண்டனையா?

ஜாய்ஸ்டிக் மாமா:
பக் இல்லை தம்பி, கூடவே போனதுதான் வினை. காதல் கணக்கு தனி. அதற்கு அவர்கள் இருவரும் கெரால்டைக் கட்டிலில் கட்டிப்போட்டுவிட்டுப் போயிருப்பார்களே, அதோடு சரி.

சிரியின் முடிவைச் சில இடங்கள்தான் தீர்மானிக்கின்றன. கெரால்டின் குரு வெசமிர் செத்தபின் அவள் இடிந்துபோய் இருக்கும்போது பனிப்பந்து எறிந்து விளையாடினால், அவள் பிழைக்கும் கணக்கில் கூட்டல். ‘எல்லாம் உனக்குக் கைவர வேண்டியதில்லை’ என்று தேற்றிக் குடிக்க உட்கார்ந்தால் கழித்தல். கேட்க எவ்வளவு அன்பாக இருக்கிறது பாருங்கள்! மந்திரக்காரிகள் சங்கத்தை அவள் தனியாகச் சந்திக்க விட வேண்டும். அவளுக்குக் கற்றுத்தரும் எல்ஃப் அறிஞர் அவலாக்கின் ஆய்வுக்கூடத்தில் கோபம் தீர உடைக்க விட வேண்டும். அவளுக்கு உதவிய இளைஞன் ஸ்க்யாலின் கல்லறைக்கு மட்டும் கூடப் போக வேண்டும், ஏனென்றால் அங்கே அவளே கூப்பிடுகிறாள். எம்ஹிரிடம் கூட்டிப்போய்க் காசு வாங்கினால் அதுவும் கழித்தல்.

2012-இல் வந்த டெல்டேல் நிறுவனத்தின் வாக்கிங் டெட் ஆட்டத்தில், கூட வரும் சிறுமியைப் பற்றி ‘கிளெமென்டைன் இதை நினைவில் வைத்துக்கொள்வாள்’ என்று திரையிலேயே எழுத்து வரும். இங்கே மூச்சு விடமாட்டார்கள். எனக்கு இதுதான் பிடிக்கும். எழுத்து வந்தால் மனிதரை விட்டுவிட்டு மதிப்பெண்ணுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவோம்.

கடற்கரைக்காகம்:
முதலிலிருந்து ஆடத் தேவையில்லை. மந்திரக்காரிகள் சங்கத்துக்கு முந்தைய சேவ் (ஆட்டத்தைச் சேமித்த இடம்) இருக்கிறதா? ஆட்டம் தானே போடும் ஆட்டோசேவை நம்பாதீர்கள், அது மேலேமேலே எழுதிக்கொண்டே போகும். நீங்களே போட்டதைத் தேடுங்கள். சங்கம், ஆய்வுக்கூடம், கல்லறை மூன்றையும் சரியாகச் செய்தால், பனிப்பந்தில் விட்டது போகட்டும், சிரி பிழைப்பாள்.

மழைக்குருவி:
நோவிகிராட் நகரில் போட்ட சேவ் ஒன்று கிடைத்தது. அங்கிருந்து ஆடினேன், வந்துவிட்டாள்! சத்திரத்தில் வெள்ளி வாள் வாங்கிக்கொண்டு விட்சராகக் கிளம்பினாள். அவள் பேரரசியாகும் முடிவும் உண்டாமே, அதை இதே சேவில் எடுக்கலாமா?

ஜாய்ஸ்டிக் மாமா:
முடியாது. அதற்கு எம்ஹிரைப் பார்க்கப் போயிருக்க வேண்டும். அப்புறம் போரில் எம்ஹிரின் நாடான நில்ஃப்கார்ட் ஜெயிக்க வேண்டும். அதாவது எதிரி அரசன் ராடோவிட் சாக வேண்டும், உளவுத்தலைவன் டைக்ஸ்ட்ராவைத் தடுத்து படைத்தலைவன் ரோஷ் பக்கம் நிற்க வேண்டும். சூனியக்காரிகளோடு மோதும் மொட்டை மலைக்குப் போகும் முன் போட்ட சேவ் இருந்தால் பாருங்கள்.