கடற்கரை மணலில் இரண்டாவது சுற்றிலேயே தொடை இறுகுகிறது, எங்கே தப்பு?

ஒற்றியூர் மிதி:
வணக்கம். ஊர் திருவொற்றியூர், வயது 34, எடை 70 கிலோ. நாங்கள் ஐந்து பேர் ஞாயிறு காலையில் எர்ணாவூர் பக்கம் சைக்கிளோகிராஸ் (மண், மணல், தடை எல்லாம் தாண்டி ஓட்டும் சைக்கிள் பந்தயம்) மாதிரி 40 நிமிடம் போட்டி போட்டு ஓட்டுகிறோம். ஒரு சுற்று ஒன்றரை கிலோமீட்டர். கொஞ்சம் தார், கொஞ்சம் மண், நடுவில் 80 அடி காய்ந்த மணல், அப்புறம் இறங்கித் தாண்ட இரண்டு பலகை. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே 60 கிலோமீட்டர் அசராமல் போகிறவன் நான். இங்கே இரண்டாவது சுற்றிலேயே தொடை கல்லாகிவிடுகிறது, மணலில் பாதியிலேயே முன்சக்கரம் புதைந்து நிற்கிறேன். டயர் 35 மில்லிமீட்டர், டியூப் போட்டது, காற்றழுத்தம் 60 பிஎஸ்ஐ. இன்னும் தூரம் ஓட்டிப் பழக வேண்டுமா?

காசிமேடு கேரியர்:
தம்பி, தூரம் போதும். முதலில் காற்றைக் குறையுங்கள். 60 வைத்தால் டயர் மணலை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கும். முன்னால் 32, பின்னால் 35 வைத்துப் பாருங்கள். டியூப் என்பதால் 30க்குக் கீழே வேண்டாம். கல்லில் அடித்தால் ரிம்மில் நசுங்கி இரண்டு ஓட்டை விழும். சரி, மணலுக்குள் எந்த கியரில் போகிறீர்கள்?

ஒற்றியூர் மிதி:
மணல் வந்ததும் லேசான கியருக்கு மாற்றி, எழுந்து நின்று மிதிக்கிறேன் அண்ணே. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்.

காசிமேடு கேரியர்:
அங்கேதான் விஷயம். எழுந்து நின்றால் பாரமெல்லாம் முன்சக்கரத்துக்குப் போகிறது, அது புதைகிறது. மணலுக்கு முன்பே வேகம் எடுத்துவிடுங்கள். ஒரு கியர் கனமாக வைத்து, உட்கார்ந்தபடி இடுப்பைச் சற்றுப் பின்னால் தள்ளி, மிதியை விடாமல் சுற்றுங்கள். கை தளர்வாக இருக்கட்டும், முன்சக்கரம் அலைந்தால் அலையட்டும். முன்னே போனவரின் தடம் இருந்தால் அதிலேயே போங்கள். எங்கள் குப்பத்தில் ஃபைபர் படகைக் கரையேற்றும்போது நடுவில் யாரையும் நிறுத்த விடமாட்டார்கள். நின்றுவிட்டால் மறுபடி கிளப்ப இரண்டு மடங்கு பலம் வேண்டும். மணலில் சைக்கிளும் அப்படித்தான். வேகம் நடை அளவுக்கு விழப்போகிறது என்று தெரிந்தால், அதற்கு முன்பே இறங்கி ஓடுங்கள். பெல்ஜியத்தில் கோக்ஸைடே மணல்மேடுகளில் ஓட்டும் தொழில்முறை வீரர்களே அப்படி ஓடுகிறார்கள்.

பழைய வண்ணை:
காற்று விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. சுற்றில் தாரும் இருக்கிறதே, 40இல் ஆரம்பித்து இரண்டிரண்டாகக் குறைத்து வாருங்கள்.

இன்னொன்று, சுற்றுக்கு எத்தனை முறை பிரேக் பிடிக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். வளைவுக்குள் பிடித்துவிட்டு, வெளியே வந்ததும் எழுந்து நின்று விரட்டுவதுதான் தொடையைத் தின்கிறது. வளைவுக்கு முன்பே பிடித்து, விட்டுவிட்டு, விசாலமாகத் திரும்புங்கள். பலகைக்குத் தனிப் பழக்கம் வேண்டும். சர்வதேச விதிப்படி அதன் உயரம் 40 சென்டிமீட்டர் வரைதான், ஒரு முழம்கூட இல்லை. களைப்பில்லாத ஒரு காலையில், மைதானத்தில், நடை வேகத்தில் இருபது முறை இறங்கி ஏறுங்கள். ஏறும்போது சீட்டின் மேல் நேராகக் குதிக்காதீர்கள். வலது தொடையின் உட்புறம் முதலில் பட்டு, அப்படியே வழுக்கி உட்கார வேண்டும்.

ஒற்றியூர் மிதி:
இரண்டு ஞாயிறு கழித்து எழுதுகிறேன். காற்று 34, 36இல் நின்றது. ஏழு சுற்றில் ஐந்து முறை மணலை இறங்காமல் கடந்தேன்! பிரேக் சுற்றுக்கு 17 முறை பிடித்துக்கொண்டிருந்தேன், இப்போது 9. கடைசிச் சுற்றில்தான் தொடை இறுகியது. இருவருக்கும் ரொம்ப நன்றி. ஏறும்போது மட்டும் இன்னும் ஒரு தத்தல் வருகிறது. செயினும் நறநறவென்கிறது.

காசிமேடு கேரியர்:
கேட்கவே சந்தோஷம் தம்பி. தத்தல் பயத்தில் வருவது. புல்தரையில் பழகுங்கள், போய்விடும். செயினை அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, காய்ந்த பிறகு எண்ணெய் விடுங்கள். நம் பக்கத்து உப்புக்காற்றுக்கு ஒரு ராத்திரி போதும், துரு ஏறிவிடும்.