மும்பை லோக்கல் ரயிலில் தள்ளுவதும் கத்துவதும் கோபமா, வழக்கமா? பெண்கள் சொல்லுங்கள்

வணக்கம். என் தங்கை மதுரையிலிருந்து வேலைக்கு வந்து மும்பைக்கு வெளியே டோம்பிவிலியில் தங்கியிருக்கிறாள், ஆபீஸ் தாதரில். லேடீஸ் பெட்டியில் போய்விட்டு தினமும் அழாத குறையாகத் திரும்புகிறாள். தாதருக்கு முன்னால் வரும் குர்லா ஸ்டேஷனிலேயே எழுந்து கதவுப் பக்கம் நிற்காவிட்டால் பின்னாலிருந்து முழங்கையால் இடிக்கிறார்கள், இறங்கணுமா வேண்டாமா என்று காதருகே கத்துகிறார்கள், மூன்று பேர் சீட்டில் நாலாவதாக ஒருத்தி வந்து தோளைத் தட்டினால் நகர்ந்தே ஆகவேண்டும். இந்தி தெரியாததால்தான் தன்னை இப்படி நடத்துகிறார்கள் என்கிறாள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. வண்டி நிற்பதே சில விநாடிகள்தான், நாசூக்காகக் கேட்டுக்கொண்டிருந்தால் யாருமே இறங்க முடியாது. கத்திய அதே அம்மா அடுத்த நிமிஷம் இவள் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறாராம்! நம்மூர் டவுன் பஸ்ஸில் "படியில நிக்காத, உள்ள போ" என்று கண்டக்டர் போடும் சத்தத்தை நாம் யாராவது சண்டையாக நினைக்கிறோமா? வெளியூர்க்காரர்கள் அதைக் கேட்டு மிரண்டதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் போன வாரம் ஒருத்தி இவள் முடியைப் பிடித்து இழுத்திருக்கிறாள். அது வழக்கம் இல்லை, சரிதானே?

சென்ட்ரல் லைனில் போய்வரும் அக்காமார்கள் சொல்லுங்கள், எதைக் கண்டுகொள்ளாமல் விடலாம், எங்கே திருப்பிக் கேட்கணும்? ரயில்வே உதவி எண் 139-க்குக் கூப்பிட்டுப் பலன் கிடைத்தவர்கள் உண்டா? அப்புறம், டோம்பிவிலியிலேயே கிளம்பும் வண்டியில் ஏறினால் கொஞ்சம் நிம்மதியாக இருக்குமா? பழகிவிடும் என்று மட்டும் சொல்லாதீர்கள், ஊருக்கே திரும்பிவிடுகிறேன் என்று நிற்கிறாள்.