ரோடு பைக்கில் மூன்றாவது பாட்டில்: உங்கள் அனுபவம் என்ன?

ஈசிஆர் சைக்கிள்காரர்:
ரோடு பைக் (தார்ச்சாலையில் வேகமாக ஓட்டும் சைக்கிள்) ஃப்ரேமில் இரண்டு பாட்டிலுக்குத்தான் இடம். இரண்டும் 750 மில்லி என்றால் மொத்தம் ஒன்றரை லிட்டர். சென்னையிலிருந்து மகாபலிபுரம் போய்வர அது தாராளம், வழியெல்லாம் கடைதான். புதுச்சேரி வரை போகும்போதுதான் இழுபறி. கல்பாக்கம் தாண்டினால் கடைகள் குறையும், மரக்காணம் உப்பளத்தை ஒட்டி நிழலும் கிடையாது. வெயிலோடு எதிர்க்காற்றும் சேர்ந்துகொண்டால் ஒரு பாட்டில் ஒரு மணி நேரம் வருவதே பெரிது.

டிரையத்லான்காரர்கள் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டிக்காரர்கள்) வைப்பது மாதிரி சீட்டுக்குப் பின்னால் இரட்டைக் கேஜ், அதாவது பாட்டில் செருகும் தாங்கி, மாட்டினேன். பார்க்க ஜோராக இருந்தது. ஒரு ஊர் எல்லையில் பெயின்ட்கூட அடிக்காத வேகத்தடை. பின் சக்கரம் தூக்கிப்போட்டதில் பாட்டில் எகிறி, பின்னால் வந்த நண்பரின் முன் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது. சீட்டின் பின்பக்கம்தான் வண்டியிலேயே அதிகம் குதிக்கிற இடம். நிரம்பிய பாட்டில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் கேஜை நெம்பிக்கொண்டே வரும். பழைய ட்யூபை வளையமாக வெட்டி, கேஜோடு சேர்த்துப் போட்ட பிறகு பாட்டில் நிற்கிறது. ஆனால் ஓட்டிக்கொண்டே எடுக்க வராது. அதனால் அது வெறும் கையிருப்பு. முன்னால் இருப்பது காலியானதும் நிறுத்தி மாற்றிக்கொள்கிறேன்.

கடலூர் பெடல்:
எனக்கு சீட்டுப் பக்கமே வேண்டாம் சார். ஹேண்டில்பார் நடுவில், அதை வண்டியோடு இணைக்கும் ஸ்டெம்மை ஒட்டி ஒரு துணிப்பை கட்டியிருக்கிறேன். கடையில் வாங்கும் ஒரு லிட்டர் பாட்டில் அப்படியே உள்ளே போகும். அதே பாட்டிலை கேஜில் செருகிப் பாருங்கள், மெல்லிய பிளாஸ்டிக் நசுங்கி, கடகடவென்று ஆடி, பாதி வழியில் நழுவும். பையில் ஒரே தொந்தரவு, எழுந்து நின்று மிதிக்கும்போது முட்டி இடிக்கும்.

ஜெர்சி பாக்கெட்டில் அரை லிட்டர் வரை சரி. அதற்கு மேல் போனால் ஜெர்சி பின்பக்கம் தொங்கிவிடுகிறது. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் ஜெர்சிக்குள் அத்தனை பாட்டிலைத் திணித்துக்கொண்டு போகிறார்களே என்று கேட்பார்கள். அவர்கள் டீம் காரில் வாங்கி முன்னால் இருப்பவர்களுக்குக் கொடுக்கும் வரைதான் சுமக்கிறார்கள், நாள் முழுக்க இல்லை.

சேலத்து மலையேறி:
டவுன் டியூபுக்கு (ஹேண்டில்பார் பக்கமிருந்து பெடல் பக்கம் சரிந்து இறங்கும் குழாய்) அடியில் கிளாம்ப், அதாவது இறுக்கும் பட்டை, போட்டு மூன்றாவது கேஜ் மாட்டிய ஆள் நான். எடை கீழே இருப்பதால் வண்டி ஆடாது, அது உண்மை. ஆனால் முன் டயர் வாரி அடிப்பதெல்லாம் பாட்டில் வாயில்தான் வந்து விழும். நம்ம ஊர் ரோட்டில் அதில் சாணியும் சேர்த்தி. மூடி போட்ட பாட்டில் இல்லாமல் இதை நினைத்தே பார்க்காதீர்கள். கார்பன் ஃப்ரேம் என்றால் கிளாம்ப் பக்கமே போகாதீர்கள், இறுக்கினால் குழாய் விரிசல் விடும்.

மலைக்கு நான் கூடுதல் தண்ணீர் எடுப்பதில்லை. ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு, அந்தக் கிலோவை யார் மேலே தள்ளுவது? சமவெளியில் மட்டும் லிட்டர் பாட்டில் வேண்டும் என்பேன். ஏனென்றால் பெரிய ஓஆர்எஸ் பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கான அளவு. அதை 750 மில்லியில் கொட்டினால் உப்பு கரிக்கும், தாகமும் அடங்காது.

இன்னொன்று. 200 கிமீ பிரெவேயில் (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) பதின்மூன்றரை மணி நேரம் தருகிறார்கள். ஒரு நுங்குக் கடையில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் ஒன்றும் குடிமுழுகாது.

ஈசிஆர் சைக்கிள்காரர்:
நுங்கு சீசனில் சரி, மற்ற மாதம்? கடலூர் அண்ணே, அந்தப் பை ஜிப் வைத்ததா, சுருக்குக் கயிறு வைத்ததா?

கடலூர் பெடல்:
சுருக்குக் கயிறு. ஜிப் என்றால் ஒரு கையால் திறக்க வராது. அடியில் ஒரு ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள், மழைத் தண்ணீர் வடிந்துவிடும்.