புதுப்பிப்பு: ஃப்ளூ இருமலுக்கு ஒருவழியாக டாக்டரிடம் போய்விட்டேன்

போன வாரம் கேட்டிருந்தேன்: ஃப்ளூ காய்ச்சல் நான்காம் நாளே விட்டுவிட்டது, பதினோரு நாளாகியும் இருமலும் அசதியும் போகவில்லை, டாக்டரைப் பார்க்கலாமா என்று. பாதிப் பேர் "உடனே போ" என்றீர்கள், மீதிப் பேர் சுக்கு, மிளகு, திப்பிலி என்றீர்கள். நான் கஷாயக் கட்சியில் சேர்ந்தேன்.

வியாழன் இரவு போர்வைக்குள் பல் கிடுகிடுவென்று அடித்தது. தெர்மாமீட்டரில் 101.8. போன காய்ச்சல் திரும்பி வந்திருந்தது. மாடிப்படியில் பாதி ஏறியதும் மூச்சு வாங்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சரி, இனி யோசிக்க ஒன்றுமில்லை. காலையில் கிளினிக்கில் முதல் டோக்கன் என்னுடையது.

டாக்டர் முதுகில் வலது பக்கம் கீழே மட்டும் ஸ்டெதாஸ்கோப்பை இரண்டு முறை வைத்துக் கேட்டார். எக்ஸ்ரேயில் அதே இடத்தில் வெள்ளைத் திட்டு. நிமோனியா, ஆரம்ப நிலை. ஃப்ளூ வைரஸை ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. ஆனால் ஃப்ளூவில் நொந்துபோன நுரையீரலில் பாக்டீரியா வந்து உட்காரலாம், இந்த மாத்திரை அதற்குத்தான் என்றார். வெறும் இருமல் இரண்டு மூன்று வாரம் இழுப்பது சகஜமாம். விட்டுவிட்டுத் திரும்பும் காய்ச்சல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் அன்றைக்கே வரவேண்டுமாம். நான் ஒரு ராத்திரிதான் தள்ளிப்போட்டேன், அதற்கும் திட்டு விழுந்தது.

இன்று மாத்திரையில் மூன்றாம் நாள். காய்ச்சல் இல்லை, ரசம் ருசிக்கிறது, இருமல் மட்டும் மிச்சம். அம்மா கஷாயத்தை இன்னும் நிறுத்தவில்லை.