பி16ஏ எஞ்சினுக்கு எடை குறைந்த பிளைவீலும் கிளட்சும்: எதைத் தெரிவு செய்வது?

உப்புவெளி ஈகே எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது பி16ஏ எஞ்சின் கொண்ட ஹொண்டா சிவிக் ஈகே4. நாலாம் கியரில் ஏற்றம் ஏறும்போது கிளட்ச் வழுக்கத் தொடங்கிவிட்டதால் கியர்பெட்டியை எப்படியும் இறக்கியாக வேண்டும். அந்த வேலையோடு எடை குறைந்த பிளைவீல் (எஞ்சினின் கிராங்க் தண்டோடு சுழலும் கனத்த சக்கரம்) ஒன்றையும் போட்டுவிட விரும்புகிறேன்.

நாள்தோறும் உப்புவெளியிலிருந்து சீனக்குடாவுக்கு வேலைக்குப் போய் வருவதும், மாலையில் திருகோணமலைச் சந்தைப் பக்கத்து நெரிசலில் ஊர்வதும் இதே வாகனத்தில்தான். அடுத்த ஆண்டு நுவரெலியாவில் நடக்கும் மஹகஸ்தோட்ட மலையேற்றப் போட்டியிலும் ஓட்ட வேண்டும் என்பது என் ஆசை.

என் முன் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, அலுமினிய பிளைவீலும், ஸ்பிரிங் இல்லாத, ஆறு செராமிக் துண்டுகள் பதித்த கிளட்ச் பிளேட்டும். இரண்டாவது, ஏறத்தாழ 4 கிலோ எடையுள்ள குரோமோலி (குரோமியமும் மொலிப்டினமும் கலந்த) உருக்கு பிளைவீலும் சாதாரண ஓர்கானிக் (நாரும் பிசினும் கலந்த) பிளேட்டும். மூன்றாவது, இப்போதுள்ள பிளைவீலையே லேத்தில் கடைந்து எடை குறைப்பது. செலவு மிகக் குறைவு என்பதால் நண்பர்கள் பலர் இதைத்தான் சொல்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சுழல்விசை எழுதியது:

தம்பி, மூன்றாவது வழியை இப்போதே கைவிட்டுவிடுங்கள். கம்பனி பிளைவீல் வார்ப்பிரும்பால் ஆனது. வார்ப்பிரும்பு அமுக்கத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. சுழலும் சக்கரத்தில் எழும் இழுவிசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், நிமிடத்துக்கு 4000 சுற்றில் இருப்பதைப் போல நான்கு மடங்கு 8000 சுற்றில் இருக்கும். மேற்பரப்பைச் சமப்படுத்த ஒரு மெல்லிய படையை எடுப்பது வேறு. கிலோ கணக்கில் கடைந்து எடுப்பது வேறு. அப்படிக் கடைந்தது உடைந்தால், துண்டுகள் கியர்பெட்டியின் உறையைப் பிளந்துகொண்டு ஓட்டுநரின் காலடிக்கே வரக்கூடும்.

அடுத்து, எடை குறைப்பதால் கிடைப்பது என்ன என்று பார்ப்போம். எத்தனை கிலோ குறைந்தது என்பதை விட, அது நடுவிலிருந்து எவ்வளவு தூரத்தில் குறைந்தது என்பதே முக்கியம். மையத்திலிருந்து 10 சென்ரிமீற்றர் தொலைவில் 3 கிலோ குறைந்தால், சுழற்சி நிலைமம் (சுழலும் வேகம் மாறுவதை எதிர்க்கும் அளவு) 0.03 அலகு குறையும். உங்கள் கியர்பெட்டியின் முதல் கியர் விகிதம் 3.230, இறுதி விகிதம் 4.400, இரண்டையும் பெருக்கி, வர்க்கமாக்கி, டயர் ஆரையின் வர்க்கத்தால் வகுத்தால் (195/55 ஆர்15 டயருக்கு ஆரை ஏறத்தாழ 0.298 மீற்றர்), வேகம் கூட்டும்போது முதல் கியரில் வாகனத்திலிருந்து 68 கிலோவை இறக்கி வைத்ததற்குச் சமமான பலன் வருகிறது. இரண்டாம் கியரில் அது 29 கிலோ, மூன்றாம் கியரில் 14 கிலோ. ஐந்தாம் கியரில் வெறும் 5 கிலோதான்.

ஆகவே நிலாவெளி வீதியில் ஐந்தாம் கியரில் போகும்போது எந்த வித்தியாசமும் தெரியாது. தாழ்ந்த கியர்களிலேயே ஓட வேண்டிய மலையேற்றத்தில் தெரியும். ஆனால் மஹகஸ்தோட்டவில் நின்ற இடத்திலிருந்துதான் புறப்பட வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்: இலகுவான பிளைவீலில் சேமிப்பாக இருக்கும் சக்தியும் குறைவு என்பதால், கிளட்சை விடும் கணத்தில் எஞ்சின் சுற்று சடாரென்று விழும். புறப்படும் சுற்றைச் சற்று உயர்த்திப் பழக வேண்டியிருக்கும்.

கிண்ணியா லான்சர் எழுதியது:

சுழல்விசை அண்ணன் சொன்னதோடு கிளட்ச் பற்றி நான் சேர்க்கிறேன். நான் மிட்சுபிஷியின் 4ஜி63 டர்போ எஞ்சினோடு செராமிக் துண்டுப் பிளேட்டை ஓட்டுபவன். அந்த எஞ்சினின் முறுக்குவிசைக்கு அது தேவை. உங்களுக்குத் தேவையே இல்லை.

கிளட்சைத் தீர்மானிப்பது குதிரைவலு அன்று, முறுக்குவிசை. உங்கள் எஞ்சினின் 170 குதிரைவலு 7800 சுற்றில்தான் வருகிறது. உச்ச முறுக்குவிசை 157 நியூட்டன் மீற்றர் மட்டுமே. ஒரு பிளேட் தாங்கும் அளவு என்பது இரண்டு பக்கங்கள், உராய்வுக் குணகம், அழுத்தும் விசை, சராசரி ஆரை ஆகியவற்றின் பெருக்கம். உராய்வுக் குணகத்தை 0.3 என்றும், விசையை 5000 நியூட்டன் என்றும், ஆரையை 9 சென்ரிமீற்றர் என்றும் எடுத்தால் 270 நியூட்டன் மீற்றர் வருகிறது. ஓர்கானிக் பிளேட்டிலேயே இவ்வளவு இடம் இருக்கும்போது, வேறு எதற்காகக் காலை வருத்த வேண்டும்?

துண்டுப் பிளேட் பாதி கிளட்சில் நிற்கவே நிற்காது. ஒன்றில் பிடிக்கும், இல்லையேல் விடும். சந்தை நெரிசலில் வாகனம் முழுவதும் உதறும். நடுவில் ஸ்பிரிங் இல்லையென்றால் எஞ்சினின் அதிர்வு நேரே கியர் பற்களுக்குப் போய்ச் சேரும். பிரஷர் பிளேட்டின் (கிளட்ச் பிளேட்டை பிளைவீலோடு அழுத்தும் தட்டின்) விசையை அளவுக்கு மீறிக் கூட்டினால், பெடலை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சுமை, கிராங்கின் அச்சுவழித் தள்ளலைத் தாங்கும் திரஸ்ட் பெயரிங்கில் ஏறும்.

இரண்டாவது வழியே உங்களுக்குரியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

உப்புவெளி ஈகே எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. குரோமோலியும் ஸ்பிரிங் உள்ள ஓர்கானிக் பிளேட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். ஏசி போடும்போது எஞ்சின் நின்றுவிடுமா? கடற்காற்று உருக்கைப் பாதிக்குமா?

உவர்மலை கராஜ் எழுதியது:

தம்பி, 4 கிலோ அளவில் எஞ்சின் நிற்காது. ஏசி கம்பிரசர் பிடிக்கும் கணத்தில் சுற்று சற்றுத் தாழ்ந்து எழும். ஐடிலை (அக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகத்தை) 100 சுற்று அளவில் கூட்டினால் அதுவும் அடங்கிவிடும். எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திரொட்டில் பொடியைத் துப்புரவு செய்யாமல் ஐடிலைத் தொட வேண்டாம்.

உப்புக் காற்று உண்மையான கவலைதான். மாரி மழைக் காலத்தில் வாகனத்தை வாரக் கணக்கில் நிறுத்தி வைத்தால், பிளைவீல் முகத்தில் துரு படிந்து பிளேட் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். அடிக்கடி எடுத்து ஓட்டுங்கள்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். புது பிளைவீல் எண்ணெய் பூசித்தான் பெட்டியில் வரும். பிரேக் கிளீனரால் துடைத்து, வெள்ளைத் துணியில் கறை வராத வரை விடாதீர்கள். பி வகை எஞ்சின்களில், கியர்பெட்டித் தண்டின் நுனியைத் தாங்கும் பைலட் பெயரிங் பிளைவீலிலேயே இருப்பதால், புதியதோடு அதுவும் வந்திருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். கிராங்கின் பின்பக்க எண்ணெய் சீலையும் அப்போதே மாற்றுங்கள்; பின்னர் கசிந்தால் மறுபடி கியர்பெட்டியை இறக்கியாக வேண்டும். பிளைவீல் போல்ட்டுகளுக்கு 103 நியூட்டன் மீற்றர், பிரஷர் பிளேட் போல்ட்டுகளுக்கு 25. குறுக்கும் மறுக்குமாக, படிப்படியாக இறுக்க வேண்டும். பிளைவீலோடு வேறு போல்ட்டுகள் வந்தால் அவற்றுக்குரிய அளவையே பின்பற்றுங்கள்.

பூட்டிய பின் முதல் 800 கிலோமீற்றருக்கு நகர ஓட்டம் மட்டும். அதற்குள் நுவரெலியாவுக்கு ஏற்ற வேண்டாம்.